நாலடுக்குக் கியூபில் ஜோடி சேர்த்தலும் அதன் கோளாறுகளும்: ஓர் ஆய்வு

எர்னோ ரூபிக் 1974இல் புடாபெஸ்டில் உருவாக்கிய மூவடுக்குக் கியூபைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பங்களுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010இல் கணினியைக் கொண்டு நிறுவியும் விட்டார்கள். ஆகவே அது இனி ஆய்வுக்குரிய பொருளன்று. பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதன் அண்ணனை. பீட்டர் செபஸ்தேனி வடிவமைத்த நாலடுக்குக் கியூப் ‘ரூபிக்ஸ் ரிவெஞ்ச்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. தன் நோக்கத்தை அட்டைப்பெட்டியிலேயே அறிவித்துவிட்ட நேர்மைக்காக அதைப் பாராட்டலாம்.

இதைச் சேர்க்கும் பெருவழக்கான முறை ‘ரிடக்‌ஷன்’. நாலடுக்கைக் கெஞ்சிக் கூத்தாடி மூவடுக்காக நடிக்கவைப்பதே அதன் சாரம். முதலில் 24 நடுத்துண்டுகளை முகத்துக்கு நான்காகத் திரட்ட வேண்டும். மூவடுக்கில் நடுத்துண்டு இடம் மாறாது. அதுவே முகத்தின் நிறத்தைச் சொல்லிவிடும். நாலடுக்கில் அப்படி நிலையானவர் யாருமில்லை. வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு என்று மனப்பாடமாகவே தெரிந்திருக்க வேண்டும். மாற்றி வைத்தவர், தமக்குத் தேவையான மூலைத்துண்டு உலகிலேயே இல்லை என்பதைப் பின்னர் கண்டறிவார்.

அடுத்து, 24 ஓரத்துண்டுகளை 12 ஜோடிகளாக்க வேண்டும். இங்கே ஆய்வாளர் கல்யாணத் தரகராகிறார். ஊரில் ஒரே கோத்திரம் என்றால் சம்பந்தம் கூடாது. இங்கோ இரண்டு நிறமும் அப்படியே ஒத்திருந்தால்தான் பொருத்தம். தொடக்க ஜோடிகள் சிரமமின்றி அமையும். கடைசி இரண்டில்தான் தகராறு: ஒன்றைச் சேர்க்கப் போனால், முன்பு சேர்த்துவைத்தது பிரிந்து நிற்கும். எதிரெதிர் நடுக்கள் இரண்டு முடிந்ததுமே மூன்று ஜோடிகளைச் சேர்த்துவிடுவது ராபர்ட் யாவின் பெயரால் வழங்கும் முறை. போட்டிக்காரர்கள் பலர் அதையே பின்பற்றுகிறார்கள்.

இனி, ‘பேரிட்டி’. எல்லாம் சுபமாக முடியும் தறுவாயில் ஒரே ஒரு ஜோடி மட்டும் தலைகீழாக நிற்கும். மூவடுக்கில் இது நடக்கவே நடக்காது. உள்ளடுக்கைக் கால் சுற்று திருப்பினால் நான்கு ஓரத்துண்டுகள் வட்டமாக இடம் மாறுகின்றன. கணக்கில் இது ஒற்றைப்படை மாற்றம். வெளியடுக்கைத் திருப்பினால் எட்டுத் துண்டுகள் இரண்டு வட்டங்களாக மாறுகின்றன, அது இரட்டைப்படை. ஆக, கலைத்ததிலும் சேர்த்ததிலுமாக உள்ளடுக்குக் கால் சுற்றுகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையானால் ஜோடி கவிழ்வது உறுதி. இதற்கு முன்னெச்சரிக்கையும் கிடையாது. இது போதாதென்று, இரண்டு ஜோடிகள் மட்டும் இடம் மாறி உட்காரும் பேரிட்டி ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டுக்கும் தனித்தனி பார்முலா உண்டு. முந்தையதை மனப்பாடம் செய்வதற்குள் கியூபே பழசாகிவிடும்.

ஐந்தடுக்கிலும் ஏழடுக்கிலும் இரண்டாவது பேரிட்டி இல்லை. முதலாவதும் ஜோடி சேர்க்கும்போதே முகத்தைக் காட்டிவிடும். ஆறடுக்கிலோ இரண்டுமே கடைசிவரை காத்திருக்கும். எனவே நண்பர்களுக்குப் பரிசளிப்போர் ஒற்றைப்படைக் கியூபையே தேர்ந்தெடுக்கலாம். சீர்வரிசையில் குறை சொன்ன சம்பந்திக்கு ஆறடுக்கு பொருத்தமானது.