சாரல்வாசி

திருநெல்வேலிச் சீமையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்து பெருகிய மனித வகைகளுள் சாரல்வாசி என்பவர் தனித்து ஆராயத் தக்கவர். தென்மேற்குப் பருவமழை மலையாளக் கரையைக் கொட்டி நனைத்தபின் மலைக் கணவாய்களின் வழியே கிழக்கே தூவுகிற மென்தூறலுக்குச் சாரல் என்று பெயர்; அச்சாரலும் அருவித் தண்ணீரும் ஒருசேர அமையும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையான நாள்களைக் குற்றாலத்தில் சீசன் என்பர். அந்தச் சீசனில் ஒரு மாதமேனும் குற்றாலத்தில் குடியிருக்காவிட்டால் ஊரில் தம் சொல் எடுபடாது என்று உறுதியாக நம்பிய மிராசுதார்களும், வக்கீல்களும், ஓய்வுபெற்ற தாசில்தார்களும் இவ்வகைக்குள் அடங்குவர். மிராசுதார் என்பவர் நஞ்சை நிலத்துக்கு உரியவர். அந்நிலத்தின் சேற்றை வரப்பில் நின்று மட்டுமே அறிந்தவர்.

இவ்வகையின் கலப்பற்ற மாதிரி கங்கைகொண்டானில் கிடைக்கிறது. குற்றாலத்தில் பேரருவியாக விழுகிற சிற்றாறு தென்காசியைக் கடந்து, வழியிலுள்ள அணைக்கட்டுகளும் கால்வாய்களும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீரோடு கங்கைகொண்டானைத் தொட்டுச் சென்று, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஆகவே இவ்வூர்ச் சாரல்வாசி எந்தத் தண்ணீரைத் தேடி வண்டியும் ரயிலும் ஏறிச் சென்றாரோ, அதே தண்ணீர் அவர் தலையை நனைத்த பிறகு அவருடைய பூர்வீகப் படித்துறைக்குச் செலவின்றி வந்து சேர்ந்தது. இதை எடுத்துச் சொன்ன பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு அவர் வைத்திருந்த விடை ஒன்றே: “ஆத்துல ஓடுறது தண்ணி, அருவியில விழுறது மருந்துல்லா?”

கோடையில் இடம்பெயரும் வழக்கத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சென்னை அரசாங்கம் ஆண்டுதோறும் வெயில் காலத்தில் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் கூட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறியது. 1908இல் மலை ரயில் உதகையையே எட்டியபின் அந்த ஏற்றம் இன்னும் எளிதாயிற்று. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் மலைச்சாலை அமையும்வரை டோலியில், அதாவது ஆள்கள் தோளில் சுமக்கும் நாற்காலியில், அமர்ந்து இயற்கையை ரசித்தபடி ஏறினார்கள். சுமந்தவர்களின் ரசனை எங்கும் பதிவாகவில்லை. குற்றாலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் முன்னமே கண்டுகொண்டு, ஜாதிக்காய், கிராம்பு, பட்டைத் தோட்டங்களும் பங்களாக்களும் அமைத்திருந்தனர். திருநெல்வேலியிலிருந்து செல்லும் ரயில்பாதை 1903இல் செங்கோட்டை வரையிலும், 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரையிலும் திறக்கப்பட்டதும், தென்காசியில் இறங்கி ஜட்கா பிடித்தால் அரை மணியில் அருவி என்ற நிலை உண்டானது. சாரல்வாசியின் பிறப்பு இப்பாதையின் பிறப்போடு ஒட்டியது.

துரைக்கும் இவருக்கும் உள்ள முதல் வேறுபாடு தங்குமிடத்தில் தெரிகிறது. துரை மலைவாசத்தலத்து ஓட்டலில் அறை எடுத்து, மணி அடித்ததும் மேசைக்கு வந்து, வைத்ததைத் தின்று, கணக்குத் தீர்த்துவிட்டுப் போனார். குற்றாலத்தில் அத்தகைய ஓட்டல் இல்லை. முசாபரி பங்களா எனப்பட்ட பயணியர் விடுதியில் உத்தியோகஸ்தர்களுக்கே முதலிடம்; கலெக்டர் முகாம் வந்தால் மற்றவர் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். சத்திரங்களில் சாதிக்கொரு தாழ்வாரம் இருந்தது. பிராமணருக்கும் மற்றவருக்கும் ரயிலடிச் சாப்பாட்டுக் கூடத்திலேயே தனித்தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை நீடித்த காலம் அது. எனவே யார் சமைத்தது, யார் தொட்டது, யார் பக்கத்தில் உண்டது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாமல் சாரல்வாசியின் தொண்டையில் சோறு இறங்காது. இவ்வளவும் சேர்ந்து அவரை ஒரே முடிவுக்குக் கொண்டுவந்தன: சீசனுக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பது, அதற்குள் தம் வீட்டையே கொண்டுபோய் வைப்பது.

ஆயத்தம் ஒரு காலணாக் கார்டில் தொடங்கும். “தண்ணீர் எப்படி விழுகிறது?” என்று தென்காசிச் சம்பந்தியைக் கேட்டு எழுதப்பட்ட அக்கார்டுக்கு “சாரல் கட்டிவிட்டது, அத்தான் உடனே புறப்படவும்” என்ற மறுமொழி வந்த அன்றே திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் கடை ஏறுவார். துரைமார் ஊட்டியில் கம்பளிச் சட்டை அணிவதைப் படத்தில் பார்த்திருந்தபடியால் தமக்கொரு கம்பளிச் சால்வை, கழுத்துக்கு மப்ளர், காதை மூடும் குல்லாய் ஆகியவற்றை வாங்குவார். ஊட்டி கடல்மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல் உள்ளது. குற்றாலமோ 500 அடியைச் சுற்றியே நிற்பது. இந்த வித்தியாசத்தைத் தராசிலும் முழக்கோலிலும் காலம் கழித்த துணிக்கடைக்காரர் நன்கு அறிவார், அறிந்தும் சொல்லமாட்டார். சால்வையைப் போர்த்திய சாரல்வாசி முதல் நாளே வியர்த்துக் கொட்டி, அந்த வியர்வையையும் அருவியின் மருத்துவ குணத்துக்கே வரவு வைப்பார். மனைவியான ஆச்சிக்கு அதே கடையில் வாங்கியவை கரித்துணிக்கான காடா நான்கு முழமும், அடுப்படியில் கட்டப் பழுதுபடாத இரண்டு சுங்குடிச் சேலையுமாகும்.

கங்கைகொண்டான் ரயிலடியில் மூட்டைகள் இறங்கும் காட்சியில் அவருடைய முழுக் குணமும் வெளிப்படும். பத்தமடைப் பாய், ஜமக்காளம், வெங்கலப் பானை, உருளி, அரிவாள்மணை, நல்லெண்ணெய்த் தகரம், உடன்குடிக் கருப்பட்டிக் கொட்டான் (பனையோலையில் முடைந்த பெட்டி), புளிப்பானை, ஊறுகாய்ப் பரணி என்று வரிசையாக வந்து, கடைசியில் இரண்டு ஆள் தூக்கி வருவது அம்மி. வாடகை வீட்டில் அம்மி உண்டு என்று தரகர் எழுதியிருப்பார். ஆனால் அந்த அம்மியில் போன சீசனில் யார் எதை அரைத்தார்களோ என்ற ஐயத்தைச் சாம்பல் போட்டுக் கழுவினாலும் நீக்க முடியாது. எடை போடவேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னால், “இது லக்கேஜ் இல்லய்யா, வீட்டுச் சாமான்” என்று சாரல்வாசி வாதாடுவார். வாதம் முடியும்வரை அம்மியைத் தூக்கி நின்ற இருவரும் அதைக் கீழே வைக்கலாமா என்று கேட்கத் துணியமாட்டார்கள். பிறகு அம்மிக்கும் கட்டணம் செலுத்தப்படும். குழவியை மட்டும் ஆச்சி துணிமூட்டைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வாள். வண்டி கல்லிடைக்குறிச்சியில் நிற்கும் சில நிமிடங்களில் அப்பளக் கட்டு வாங்க ஓர் ஆள் ஓடுவதும், அவன் ஏறுவதற்குள் வண்டி நகர்வதும், சன்னலில் தலையை நீட்டிச் சாரல்வாசி ரயில் கார்டை அதட்டுவதும் ஆண்டுதோறும் தவறாத சடங்குகள்.

குற்றாலத்தில் அவருடைய நாள் விடியலில் உச்சந்தலை எண்ணெயோடு தொடங்கி, பேரருவி, ஐந்தருவி என்று மாறிமாறி நனைந்து, நடுவே உண்டு, மாலையில் மற்றொரு சாரல்வாசியின் திண்ணையில் சென்ற சீசனின் தண்ணீரே தண்ணீர் என்று பேசி முடியும். அருவிக் குளியல் அகோரப் பசியைத் தூண்டும் என்பதும் உண்மையே. அந்தப் பசிக்குக் காலையில் இட்டிலி, பகலில் தேங்காய்ப் பால் பிழிந்து வைத்த சொதியும் இஞ்சித் துவையலும், மறுநாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் என்று ஈரவிறகை ஊதி ஊதிப் படைத்தவள் ஆச்சி. விருந்தாளிகள் முன்னறிவிப்பின்றி வருவது சீசனின் இலக்கணமாதலால் உலை இறங்கிய நேரமே இல்லை. பத்து நாள் கழித்து, “அருவி எப்படி மதினி?” என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு, “அருவியக் கண்டேனா? அடுப்பத்தான் கண்டேன்” என்று அவள் சொன்னதில் புகார் தொனி கூட இல்லை, தகவல் மட்டுமே இருந்தது.

திரும்பும் நாளில் இரண்டாவது கடை ஏற்றம் நடைபெறும். மங்குஸ்தான், ரம்புட்டான், பலா, மலைத்தேன், ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றைக் கூடை கூடையாக வாங்கும் சாரல்வாசி, விலையைப் பாதியாகக் கேட்டு, முக்காலில் முடித்து, முழு விலை கொடுத்ததாக ஊரில் சொல்வார். இப்பழங்கள் தின்பதற்காக வாங்கப்பட்டவை அல்ல. யார் வீட்டுக்கு எத்தனை மங்குஸ்தான் போயிற்று என்பதைக் கொண்டே ஊரார் தம் அந்தஸ்தைக் கணித்துக்கொள்வதால், எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் பங்காளிப் பகை மூண்டுவிடும். மங்குஸ்தான் பெறாத வீட்டார், “அவுஹ குத்தாலம் போனாகளா, இல்ல தென்காசிச் சந்தையோட திரும்பிட்டாகளா?” என்று கேட்டுவிட்டால் ஒரு மாத வாடகையும் வீண்.

பிற்காலத்தில் குற்றாலத்தில் லாட்ஜுகள் எழுந்தன. அறையும் வெந்நீரும் சோறும் காசுக்குக் கிடைத்தன. அப்போதும் சாரல்வாசி அவற்றை ஏற்கவில்லை. இன்று வேனில் காஸ் அடுப்பும் அரிசி மூட்டையும் ஏற்றி வந்து அருவிக்கரையில் வெங்காயம் நறுக்கச் சொல்லும் குடும்பத் தலைவர் அவருடைய நேர்வாரிசே. விலையோ ருசியோ இதற்குக் காரணம் என்று கருதுவது பிழை. லாட்ஜில் அவர் எண் எழுதிய ஓர் அறையின் வாடகைக்காரர். தண்ணீர் கொண்டுவரும் பையனிடமும் ‘தம்பி’ என்று தணிந்து பேசவேண்டியவர். வீட்டைக் கூடவே தூக்கி வந்தால்தான் அதட்டுவதற்கு ஆளும், அதட்டலுக்கு நடுங்கும் அடுப்படியும் அருவிக்கரையிலும் அவருக்கு அமையும். வெயிலிலிருந்து ஒரு மாதம் விலகியிருக்க அவரால் முடியும். எஜமான் பதவியிலிருந்து ஒருவேளைகூட விலகியிருக்க முடியாது. அவர் முகம் சுளித்து நுழைந்த முதல் லாட்ஜில், சமைக்க இடமில்லை என்று மேனேஜர் சொன்னபோது, அவருக்குப் பின்னால் நின்ற ஆச்சி ஈரத்தலைக்கு வேண்டிய துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு பேரருவிக்கு வழி கேட்டாள்.