ஜூலை 4-ல் அப்படி என்ன?

கேள்வி: பெரிய மனிதர்கள் ஒரே தேதியில் மறைவது தற்செயலா, தலையெழுத்தா?

பதில்: 365 நாளுக்குள் எல்லாரும் செத்தாக வேண்டும், இடநெருக்கடிதான். ஆனாலும் ஜூலை 4 கொஞ்சம் ஓவர்! 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள். சரியாக 50 ஆண்டு கழித்து, அதே தேதியில், அதை எழுதிய முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் கண்ணை மூடினார். அன்றே சில மணி நேரம் கழித்து மாசசூசெட்ஸில் 90 வயது ஜான் ஆடம்ஸ், இவரும் முன்னாள் அதிபர். ‘ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்’ என்று முனகிவிட்டுப் போனாராம். தேர்தலில் தன்னைத் தோற்கடித்தவரைக் கடைசி மூச்சிலும் மறக்கவில்லை, அசல் அரசியல்வாதி! 1831-ல் இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோவும் அதே தேதி. அடுத்து முன்னாள் அதிபர் மாடிசன். மருந்து கொடுத்து ஜூலை 4 வரை இழுத்துப் பிடிக்கலாம் என்றார்களாம். மனுஷர் மறுத்துவிட்டு, 1836 ஜூன் 28-லேயே கிளம்பிவிட்டார். விவேகானந்தர் (1902), மேரி கியூரி (1934) மறைந்ததும் ஜூலை 4-ல்தான். அந்தத் தேதியில் பிறந்த ஒரே அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜ். அவர் உஷார் பேர்வழி, இறந்தது ஜனவரி 5!