வேலை வந்தது, அரியர் வந்ததா?

எட்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்து மீண்டும் வேலையில் சேர்ந்துவிட்டேன். விட்டுப்போன சம்பளம் தானாக வந்துவிடும்தானே? (விருதுநகர் வாசகர்)

தானாக வருவது வயது மட்டும்தான்! தீர்ப்பை எடுத்து, டிஸ்மிஸ் எதற்காக ரத்தானது என்று பாருங்கள். ‘குற்றச்சாட்டே நிற்கவில்லை’ என்று ரத்தாகியிருந்தால், அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 54-ஏ உங்கள் பக்கம். முழுச் சம்பளம் கேட்கலாம். ‘விசாரணையை ஒழுங்காக நடத்தவில்லை’ என்று மட்டும் ரத்தாகியிருந்தால், எவ்வளவு தருவது என்பதை அதிகாரி முடிவு செய்வார். அதற்கும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். நம் ஆபீஸ்களில் பலர் மறப்பது இந்த நோட்டீஸைத்தான். அதையே பிடித்துக்கொண்டு இன்னொரு ரிட் போடுபவர்களும் உண்டு.

வேலை இல்லாத நாட்களில் மச்சான் கடையில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லலாமா? (திருச்சி வாசகர்)

சும்மா உட்கார்ந்திருந்தீர்களா, கல்லாவில் உட்கார்ந்திருந்தீர்களா? கல்லா என்றால், அங்கே சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். வெறும் அரட்டை என்றால் பயம் வேண்டாம். 2013-இல் மகாராஷ்டிரத் தனியார் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ‘எனக்கு வேறு வருமானம் இல்லை’ என்று ஊழியர் முதலில் சொல்ல வேண்டும், இருந்தது என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பாடு. நியாயம்தானே! பட்டினி கிடந்ததற்கு எந்தக் கடையில் ரசீது தருவார்கள்? ஆனால் அந்த ஒரு வரியை மனுவில் எழுதாமல் விட்டு, லட்சக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு.

கிரிமினல் கேஸில் தண்டனை, அதனால் டிஸ்மிஸ். அப்பீலில் விடுதலையாகிவிட்டேன். முழு அரியர் உண்டா? (வேலூர் வாசகர்)

வேலை கிடைக்கலாம், அரியர் கஷ்டம். 1996-இல் குஜராத் மின்வாரிய ஊழியர் ஒருவர் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனார். கொலை வழக்கில் தண்டனை, வேலை போனது, உயர் நீதிமன்றத்தில் விடுதலை, வேலை திரும்பியது. சம்பளம் மட்டும் இல்லை. வழக்குக்கும் மின்வாரியத்துக்கும் சம்பந்தமில்லாதபோது வாரியம் ஏன் பணம் தர வேண்டும் என்பது நீதிபதிகளின் கணக்கு. ‘நிரபராதிக்கு ஏன் நஷ்டம்?’ என்கிறீர்களா? எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. பதில்தான் கோர்ட்டில் இல்லை.

2003-இல் ஸ்டிரைக் செய்த தமிழக அரசு ஊழியர்கள் சுமார் 1,70,000 பேரை ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தார்களே, அவர்கள் எப்படித் திரும்பினார்கள்? (மதுரை வாசகி)

பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதி, இனி ஸ்டிரைக் செய்ய மாட்டோம் என்று உறுதியும் கொடுத்து! வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரியர் மொத்தமாக வந்தால் வரியும் மொத்தமாகப் போய்விடுமா? (சேலம் வாசகர்)

அந்தந்த வருடத்துக்குப் பிரித்துக் கணக்குப் போட்டு நிவாரணம் கேட்க வழி உண்டு. அதற்கான படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள். மறந்தால் நோட்டீஸ் வரும். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.