தெக்கோங் போகிற பை

கேள்வி: மகனுக்குத் தேசிய சேவை அழைப்பு வந்துவிட்டது. முஸ்தபாவில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 28 அங்குலம் போதுமா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: அம்மா, பிள்ளை போவது புலாவ் தெக்கோங், மெல்பர்ன் அல்ல. சாங்கியில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் தீவு வந்துவிடும். பூட்ஸ், சீருடை, தலைக்கவசம், முதுகுப்பை எல்லாம் அரசாங்கமே தரும், துப்பாக்கி உட்பட. தோளில் மாட்டுகிற ஒரு பை போதும். அழைப்புக் கடிதமும் அடையாள அட்டையும் மேலேயே இருக்கட்டும். உள்ளாடை, செருப்பு, ஷேவிங் சாமான், ஹேங்கர், துணிக் கிளிப், சலவைத் தூள் ஆகியவை உள்ளே போகட்டும். கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று வையுங்கள். அறையில் பத்துப் பதினைந்து பேருக்கும் ஒரே மாதிரி சட்டை. பேர் எழுதாவிட்டால் உங்கள் பிள்ளையின் சட்டை ஊரார் சட்டையாகிவிடும்.

எதை மறந்தாலும் பூட்டை மறக்க வேண்டாம், இரண்டு மூன்றாகவே வாங்குங்கள். அலமாரியைப் பூட்டாமல் போன பையனுக்கு சார்ஜென்ட் பாடம் நடத்துவார். திரும்பி வந்து பார்த்தால் அலமாரி காலியாக இருக்கும், கட்டில் நிறைந்திருக்கும்.

கேள்வி: ஜிப்லாக் பையும் டால்கம் பவுடரும் வாங்கித் தரச் சொல்கிறான். ராணுவத்துக்குப் போகிறானா, நாடகத்தில் நடிக்கப் போகிறானா?
– ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: கேட்டதை வாங்கிக் கொடுங்கள், பையன் விவரமானவன். பயிற்சியின் நடுவில் சில நாள் காட்டு முகாம் உண்டு. குழி வெட்டி அதிலேயே படுக்கை. அங்கே தண்ணீர் குடிக்கத்தான், குளிக்க இல்லை. கழுத்திலிருந்து கால்வரை பவுடர் கொட்டித் தேய்த்துக்கொள்வதுதான் குளியல். அம்பு குத்திய பாம்புப் படம் போட்ட அந்தக் குளுகுளு டப்பாவுக்கு நம் பிள்ளைகளிடம் தனி மரியாதை. மழை பிடித்துக்கொண்டால் உலர்ந்த காலுறைதான் சொத்து. அதற்குத்தான் ஜிப்லாக் பை. மற்ற சில்லறைச் சாமான்களுக்கு பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையத்து மாடிக்குப் போங்கள். 'ஆர்மி மார்க்கெட்' என்றால் யாரும் வழி சொல்வார்கள். கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் உங்களுக்கும் அலைச்சல் தெரியாது.

கேள்வி: முறுக்கு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். மூன்றில் எதைக் கொடுத்து அனுப்பலாம்?
– ஒரு பாட்டி, தேக்கா

பதில்: மூன்றையும் எனக்கு அனுப்பலாம். படுக்கையறையில் தின்பண்டம் வைத்தால் முதலில் வருவது எறும்பு, அடுத்தது சார்ஜென்ட். அதிலும் முறுக்கு வாயில் போட்டால் ஊரைக் கூட்டுகிற பண்டம், விளக்கணைத்த பிறகு கடிக்க முடியாது. சைவச் சாப்பாடு தனியாக உண்டு, கவலை வேண்டாம். சேரும் நாளில் குடும்பத்தாரையும் தீவுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டிச் சாப்பாடும் போடுவார்கள். நீங்களே ருசி பார்த்துவிட்டு உப்பு குறைவு என்று சொல்லலாம், மெதுவாக.

கேள்வி: பழனிக்கு மொட்டை நேர்ந்திருக்கிறேன். தெக்கோங்கில் அடிப்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு பக்தை, சிராங்கூன் சாலை

பதில்: செல்லாது. ராணுவத்தில் ஓட்டுவது மெஷின், கத்தி அல்ல. முருகன் விட்டுக்கொடுத்தாலும் நாவிதர் சங்கம் ஒத்துக்கொள்ளாது. ஒன்பது வாரம் போல் பயிற்சி முடிந்து, முடி வளர்ந்தபின் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மகனுக்கு மலாய் வராது. அணிவகுப்புக் கட்டளையெல்லாம் மலாயில்தானாமே?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஆமாம். 'செடியா!' என்று அதட்டுவார்கள். செடியில்லை, மரம் மாதிரி அசையாமல் நிற்கவேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கேள்வி: ஒரு டூத் பிரஷ்ஷோடு போய்ச் சேர்ந்தேன் என்கிறார் 1967இல் போன என் மாமனார். நம்பலாமா?
– ஒரு மருமகள், பாசிர் ரிஸ்

பதில்: நம்பிவிடுங்கள், வீட்டுக்கு நல்லது. சுதந்திரம் வந்தபோது இந்த ஊரில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். கோ கெங் சுவீ தற்காப்பு அமைச்சராக இருந்து 1967 மார்ச்சில் சட்டம் கொண்டுவந்தார். ஆகஸ்டில் முதல் அணி முகாமுக்குள் போய்விட்டது. சமூக நிலையங்களில் விருந்து வைத்து வழியனுப்பினார்கள். பயிற்சிக்கு உதவ வந்த இஸ்ரேலியர்களை, அண்டை நாடுகள் முகம் சுளிக்கக்கூடாதென்று 'மெக்சிகோக்காரர்கள்' என்றே சொல்லிவைத்தார்கள். அரசாங்கமே அந்த அளவு கதை விட்ட காலத்தில் மாமனாரின் பிரஷ் எம்மாத்திரம்!

கேள்வி: காட்டு முகாமில் படிக்க வீட்டிலிருந்து கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்களாம். தமிழில் எழுதலாமா? அவனுக்குத் தமிழ் இரண்டாம் மொழி, அதுவும் தட்டுத்தடுமாறித்தான்.
– மீண்டும் ஈசூன் தாய்

பதில்: தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான், பக்கத்துக் குழிப் பையனும் எட்டிப் படித்துவிடுவான். தமிழ் என்றால் அழுக்குக் கையோடு, டார்ச் வெளிச்சத்தில், எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அரைமணி நேரம் படிப்பான். நடுவில் மூக்கை உறிஞ்சினால், 'ழ' வரவில்லை என்று அவனே காரணம் சொல்லிக்கொள்வான். கையெழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.