உயிரியலில் 81

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தாள். உயிரியலில் 81 வாங்கியிருக்கிறாள்.

மூன்றும் பொய். எனக்கு இருப்பது எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே பையன். ஆனாலும் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில், விசாரிக்க வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகிற நோட்டில், இந்தப் பொய்கள் என் கையெழுத்தில், என் செல்போன் எண்ணோடு இருக்கின்றன. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்று சொல்ல வேண்டுமானால், நான் ஒன்பது கிலோ இளைத்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் பி.காம். வயது 41. பம்ப்செட் செய்கிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்னால் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை உங்க வாசல்ல வந்து செருப்பைக் கழட்டிட்டு நிக்குதுங்க" என்றார். பயந்துபோய் சாயங்கால பேக்கரியை நிறுத்தினேன். ரேஸ்கோர்ஸில் நடந்தேன். பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்தேன். 67 கிலோ 58 ஆனது. இதில் சாமர்த்தியம் எதுவும் கிடையாது, முழுக்க பயம்.

அந்தச் சமயத்தில் அவிநாசி பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் நுழைந்ததுமே பெரியம்மா முறை ஆகவேண்டிய ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங் கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டயே, என்ன பண்ணுன?" என்றார். முதல் ஆளிடம் "நடக்கறனுங்க" என்று மட்டும் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் மாவுச்சத்து வந்துவிட்டது. பத்தாவது ஆளிடம் பேசும்போது கையை ஆட்டி வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மாவுக்கு இனிப்பின் கொடுமைகளை விளக்கியதில், பாவம், அவர் ஜிலேபியைத் தொடவே இல்லை. நான் என்னுடையதைச் சாப்பிட்டுவிட்டேன். அவ்வளவு பேசியதில் களைப்பு.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம், வேலையை விட்டுவிட்டு உடற்பயிற்சி, ஊட்டச்சத்து ஆலோசனை என்று தொழிலாக இறங்கப் போகிறேன் என்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "செய்யுங்க சாண்டோ" என்றார். எங்கள் ஊர்க்காரரான சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் தேகப்பயிற்சியில் பேர் வாங்கியதால் 'சாண்டோ' அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அசல் சாண்டோ, யூஜின் சாண்டோ என்கிற ஜெர்மன் பயில்வான். 1925-ல் லண்டனில் செத்துப்போன அந்த மனிதர், நூறு வருடம் கழித்து சாய்பாபா காலனியில் கணக்கெழுதுகிற ஒருத்தியைக் கேலி செய்யத் தன் பெயர் உதவும் என்று நினைத்திருக்க மாட்டார்.

நான்கு மாத ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் பணம் கட்டினேன். தசைகளின் பெயர்கள்தான் முதல் அடி. தொடையின் பின்பக்கத்து ஹேம்ஸ்ட்ரிங்கில் மூன்று தசை, முன்பக்கத்துக் குவாட்ரிசெப்ஸில் நான்கு. பரீட்சையில் நான் பின்பக்கம் நான்கு, முன்பக்கம் மூன்று என்று எழுதினேன். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவள் என்று வீட்டில் சொல்வார்கள், அன்றைக்கு அது எழுத்துபூர்வமாக நிரூபணமானது. மறக்காமல் நிற்பது ஒரே ஒரு தசை, சார்டோரியஸ். உடம்பிலேயே நீளமானது. லத்தீனில் தையற்காரர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தக் காலத்துத் தையற்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்த தோரணையால் அப்படிப் பெயர் வந்தது என்கிறார்கள். எங்கப்பாவும் டெய்லர்தான். திண்ணையில் சம்மணம் போட்டு காஜா எடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் தொடையில் இப்படி ஒரு லத்தீன் பெயர் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. பரீட்சையில் அதை யாரும் கேட்கவில்லை.

முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினேன். இடைப்பட்ட நான்கு மாதத்தில், உடற்பயிற்சியைப் பற்றி உட்கார்ந்து உட்கார்ந்து படித்ததில், நான்கு கிலோ திரும்பி வந்திருந்தது.

பிஎம்ஐ எனக்குப் பிடித்த பாடம். அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. குவெட்லே என்கிற பெல்ஜியம் நாட்டுப் புள்ளிவிவரக்காரர். நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டு என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 62 கிலோ, விடை 25.5. உலகக் கணக்கில் 25-க்கு மேல் போனால் 'கூடுதல் எடை', 30-க்கு மேல்தான் 'பருமன்'. இந்தியர்களுக்கு இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சீக்கிரம் சேர்வதால் இங்கே 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே பருமன். விமானம் ஏறி வெளியூர் போனால் நான் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பெண். பீளமேட்டில் இறங்கினால் பருமன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதைத் தள்ளிவைத்தேன்.

இந்தத் துறைக்கும் எங்கள் பக்கத்துக்கும் பூர்வஜென்மத் தொடர்பு உண்டு என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டதும் அப்போதுதான். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது எங்களுக்கு மேலே மலையில், குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்கிற டாக்டர், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். 1958-ல்தான் நிறுவனம் ஹைதராபாத் போனது. பெருமையோடு படித்துக்கொண்டே வந்தேன். மெக்காரிசன் வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்திருக்கிறார். கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் மளமளவென்று வளர்ந்து முதலிடம். அரிசியே கதி என்றிருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி இடம். புத்தகத்தை மூடிவிட்டு, அந்தக் கடைசி எலியை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். குன்னூர்க் குளிரில், நோஞ்சானாக, ஆனால் நிச்சயம் அது திருப்தியாகத்தான் சாப்பிட்டிருக்கும்.

எலியோடு நான் நிறுத்தவில்லை. எங்கள் குடியிருப்புப் பெண்கள் மூன்று பேரைப் பிடித்து, காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் இலவசப் பயிற்சி ஆரம்பித்தேன். அங்கே தெரியவந்த விஷயம், எனக்கு எண்ணத் தெரியாது. தினமும் லட்சக்கணக்கில் வரவு செலவைத் தட்டுகிறவளால், பஸ்கி எடுக்கச் சொல்லிவிட்டுப் பதினைந்து வரை எண்ண முடியவில்லை. ஒருவர் முழங்கால் உள்ளே மடங்குகிறது, இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், மூன்றாமவர் மருமகளைப் பற்றி ஏதோ சொல்கிறார். இதில் ஒன்பதா பதினொன்றா? சந்தேகம் வந்தால் குறைத்துச் சொல்வது பாதுகாப்பு என்பது கணக்காளர் புத்தி. அதனால் அவர்கள் தினமும் என் கணக்கில் பதினைந்தும், தங்கள் கணக்கில் இருபதும் எடுத்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் வராமலே நின்றுவிட்டார்.

உணவு ஆலோசனை இன்னும் மோசம். முதல் அட்டவணையில் காலைக்கு ஓட்ஸ் போட்டு, அரிசிம்பருப்பை அடித்துவிட்டேன். கீழ்வீட்டு அக்கா அதைப் படித்துவிட்டு, "அரிசிம்பருப்பு என்ன பாவம் பண்ணுச்சு கண்ணு?" என்று கேட்டார். "அது வெறும் மாவுச்சத்துங்க்கா." மூன்று வாரம் கழித்துப் பாடத்தில் வந்தது: அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அதாவது எங்கள் கொங்கு நாட்டுப் பாட்டிகள் ஒரே குண்டாவில் போட்டு வேகவைத்ததைத்தான் பாடநூல் படம் போட்டு விளக்கியிருந்தது. அட்டவணையைத் திருத்திக் கொடுத்தேன். அக்கா அதற்குள் பழைய அட்டவணையின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுத ஆரம்பித்திருந்தார்.

புரதத்தில்தான் நான் செல்வாக்கு உள்ளவளாக மாறினேன். ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் இருக்கிறது என்று மாடியில் மூன்று நாள் பாடம் நடத்தினேன். அந்த வாரக் கடைசியில், விட்ட பழக்கம் தொட்ட பழக்கமாகி, நைசாக பேக்கரிக்குப் போனேன். வாழைத்தண்டு சாறு குடிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு வெஜ் பப்ஸ் கேட்டேன். பேக்கரிக்காரர் சொன்னார்: "உங்க ஆளுங்க ரெண்டு பேரும் இப்பெல்லாம் முட்டை பப்ஸுக்கு மாறிட்டாங்க மேடம். கேட்டா நீங்கதான் சொன்னீங்கன்னாங்க. புரோட்டீனாமே?" என் ஆலோசனையால் ஒரு மனிதரின் சாப்பாட்டுப் பழக்கம் மாறியதற்கு இன்றுவரை எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அவர். நானும் முட்டை பப்ஸாகவே வாங்கிக்கொண்டேன்.

அடுத்ததைச் சிரித்துக்கொண்டு எழுத வரவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டு அக்காவுக்கு வயது 58. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "ராத்திரிச் சோத்தை நிறுத்திப்போட்டா இளைக்குமா கண்ணு?" என்று கேட்டார். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்பதை அந்த வாரம்தான் படித்திருந்தேன். "தாராளமா நிறுத்துங்க்கா" என்றேன். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. மூன்றாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அவர் மகன் கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தால் அக்கா வேர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறியது. மருமகள் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்து வந்தாள். நான் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஏன் காலை என்று இப்போதும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் விளக்கியிருக்கிறார். அக்கா சாப்பிடுவது கிளிமிபிரைடு வகை மாத்திரை. வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைக் கிளப்பிவிட்டு இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சோற்றை மட்டும் நிறுத்தினால், இருக்கிற சர்க்கரையும் கீழே போய்விடும். "பட்டினி கிடக்க யாரும்மா சொன்னா?" என்று டாக்டர் கேட்டதற்கு அக்கா, "டிவியில சொன்னாங்க" என்றாராம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் டிவி. "டிவி வந்திருக்குது, காப்பி போடு" என்பார்கள்.

ஜிம்மில் எனக்குச் சொல்லிக் கொடுக்கிற தம்பிக்கு வயது 26 இருக்கும். காலை ஐந்திலிருந்து பத்து, சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பதரை, நடுவில் தூக்கம். இந்தத் தொழிலில் எது கஷ்டம் என்று அவனிடம் கேட்டேன். எடை தூக்குவது என்பான் என்று எதிர்பார்த்தேன். "ஒரே ஆளு ஒரே பொய்யை வாராவாரம் வந்து சொல்லுவாங்கக்கா. மூஞ்சி மாறாம கேக்கோணும். அதுக்கப்புறம் அவங்களுக்கே தெரியாம வெயிட்டைக் கொறைச்சு மாட்டோணும்" என்றான். அந்த ஒரே ஆளு யாரென்று நான் கேட்கவில்லை. அவனும் நாகரிகம் தெரிந்த பையன். வீட்டுக்கு நடந்து வரும்போது, இந்த இரண்டு வருடமாக நான் ஆசைப்பட்டது அவன் செய்கிற வேலைக்கு இல்லை, அந்தக் கல்யாண மண்டபத்துக்குத்தான் என்று பட்டது. மண்டபத்துக்குச் சம்பளம் கிடையாது.

இருந்தும், அக்காவின் நடுங்கிய கை மனதை விட்டுப் போகவில்லை. தெரியாமல் சொன்னதுதானே தப்பு, தெரிந்துகொண்டு சொன்னால்? விசாரித்தேன். பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆவதென்றால் ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பு, மேற்படிப்பு, ஆஸ்பத்திரியில் பயிற்சி, அதற்கு மேல் இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் பரீட்சை. 2021-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று ஊட்டச்சத்து நிபுணர்களையும் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நான்கு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு நானே என்னை அழைத்துக்கொண்ட பட்டமெல்லாம் மொட்டை மாடியோடு சரி.

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கல்லூரிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "பாப்பாவுக்குங்களா மேடம்?" என்றாள்.

எனக்குத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்தது.

"என்ன குரூப்புங்க?"

"பயாலஜி." நான் படித்தது காமர்ஸ். இங்கே காமர்ஸுக்கு இடமில்லை.

"பயாலஜில எவ்வளவுங்க மேடம்?"

"81." அது எங்கிருந்து வந்தது என்று பஸ்ஸில் யோசித்தேன். என் வீட்டுக்காரரின் எடை.

அங்கே கொடுத்த விவரப் புத்தகத்தை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். பிறகு ஒரு மத்தியானம், ஆபீஸில் ஸ்டாக் கணக்கு டேலி ஆகாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கவுன்ட்டர் பெண்ணே கூப்பிட்டாள்.

"மேடம், பாப்பா சேர்றாங்களா? சீட்டு கொஞ்சம்தான் இருக்குதுங்க."

"அவ இன்னும் யோசிச்சிட்டிருக்காளுங்க."

"நல்ல மார்க்கு வாங்கியிருக்காங்க மேடம். ரொம்ப யோசிக்க விடாதீங்க."

நான் போட்ட மார்க்குதான். இருந்தாலும் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது.