பூ மட்டும்தான் ஏத்தினோம்

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி மதகைத் தூக்கினால் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டப் பல நாள் ஆகும். திட்டங்கள் அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்துவிடும். ஒருவர் மாடி எடுப்பார், ஒருவர் பெண்ணுக்கு வரன் தேடுவார். 2025-இல் எங்கள் வீட்டுக்கு வந்த திட்டம், ஒரு குட்டி யானை.

காரணம் நியாயமானது. அறுப்பு என்று வந்துவிட்டால் திருவையாற்றிலிருந்து திருவாரூர் வரை எல்லார் நெல்லும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாரத்தில் பழுக்கும். அறுப்பு மெஷின் கிடைக்காது, சாக்கு கிடைக்காது, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப்போக வாடகை வண்டி கிடைக்கவே கிடைக்காது. தப்பித் தவறிக் கிடைக்கிற வண்டிக்காரர் நம்மிடம் பேசுகிற தோரணையில் கலெக்டர்கூடப் பேசமாட்டார். குறுவை முழுக்க இந்த மரியாதையை அனுபவித்துவிட்டு, "சம்பா அறுப்புக்குள்ள சொந்தமா ஒண்ணு நிக்கணும்" என்று சொல்லிவிட்டார் அப்பா.

புதுசா, பழசா என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. மச்சான் புதுசுக் கட்சி. அப்பா பழசுக் கட்சி. வட்டி கட்டப்போகிறவன் என்பதால் எனக்குக் கட்சி கிடையாது.

முதலில் ஷோரூம். காபி கொடுத்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய தம்பி ஒருவர் பேனாவைத் திறந்து கணக்குப் போட்டார். "அடிப்படை விலை அஞ்சு லட்சம் சார். முன்னாடி ஜி.எஸ்.டி. 28 பர்சன்ட், ஆறு லட்சத்து நாப்பதாயிரம் ஆயிருக்கும். செப்டம்பர் 22-லேருந்து 18 பர்சன்ட்தான். அஞ்சு தொண்ணூறு. உங்களுக்கு அம்பதாயிரம் மிச்சம்!" ஏதோ அவர் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி முகம் மலர்ந்தது. பிறகு இன்சூரன்ஸ், பதிவு, வரி, மிதியடி, தார்பாய்க் கம்பி என்று ஒவ்வொன்றாகக் கீழே எழுதினார். மிச்சமான ஐம்பதாயிரம் காபி ஆறுவதற்குள் வந்த வழியே திரும்பிப் போனது. ஆன்-ரோடு ஆறரை லட்சம்.

"இந்த வண்டி வந்தப்போ ரெண்டேகால் லட்சம் தம்பி" என்றார் அப்பா. குட்டி யானை என்று நாங்கள் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதுதான் விலை. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். அந்தத் தம்பி அப்போது பால்வாடியில் இருந்திருப்பார், பணிவாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் தஞ்சாவூர்க்காரர்களை மிஞ்ச முடியாது.

கடன் கணக்கு தனி. நாலு லட்சம் கடன், பத்து சதவீதம் ஃபிளாட் வட்டி, நாலு வருடம். மாதம் 11,667 ரூபாய். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே ஓடுகிறது. குறைகிற அசலுக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 17½ சதவீதம். இதை வாய்விட்டுச் சொன்னேன். இன்னொரு காபி வந்தது.

அடுத்தது பழசு. ஒருகாலத்தில் பழைய லாரிக்குக் கடன் என்றால் வங்கிக்காரர்கள் நாற்காலி காட்டமாட்டார்கள். அதையே ஒரு தொழிலாக நடத்திக் காட்டியது சென்னையில் 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். இன்று பழைய வண்டி என்றால் கடன் கொடுக்கப் பத்துப் பேர், வண்டி காட்டப் பதினைந்து பேர். எங்களுக்கு வாய்த்த புரோக்கர் வண்டியைக் காட்டும் முன்பே மந்திரத்தை முடித்துவிட்டார்: "சிங்கிள் ஓனர், எஃப்.சி. கரண்ட், நாலு டயரும் எழுவது பர்சன்ட், பேட்டரி புதுசு, இன்ஜின்ல கை வெக்கலை."

அப்பா மாட்டுச் சந்தையில் தேறியவர். பல்லைப் பார்த்து வயதும் சுழியைப் பார்த்துக் குணமும் சொல்வார். வண்டியையும் அப்படியே வலம் வந்தார். 2017 மாடல், டி.என். 51, அதாவது நாகப்பட்டினம் பதிவு. விலை மூன்றே முக்கால். "என்ன பாரம் அடிச்ச வண்டி?" என்று கேட்டார்.

"பூ மட்டும்தான் ஏத்தினோம் பெரியவரே. கும்பகோணம் பூ மார்க்கெட்டு. பஞ்சு மாதிரி வெச்சிருந்தாரு."

அந்நேரம் பார்த்து எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பூனை இறங்கி வந்தது. தொட்டியில் தாவி ஏறி, ஒரு மூலையை முகர்ந்து பார்த்து, அங்கேயே பலகையை நக்க ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொரு பூனை. புரோக்கர் இரண்டையும் விரட்டினார். இரண்டும் இறங்க மறுத்தன. அப்பா குனிந்து சேஸியை விரல் முட்டியால் தட்டினார். உள்ளங்கையில் ஒரு பிடி துரு உதிர்ந்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் வருடக்கணக்கில் சொட்டிய துரு. "நல்ல வாசனையான பூவு" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார்.

அடுத்த வண்டிக்காரர் வேறு ரகம். "முப்பத்தஞ்சு மூட்டை அசால்ட்டா இழுக்கும்ங்க!" என்றார். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. கம்பெனி சொன்ன 750 கிலோவுக்குப் பதினெட்டு மூட்டைதான் கணக்கு; முப்பத்தைந்து என்றால் 1,400 கிலோ. பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பிளேட் வேறு. விற்கிறவர் பெருமையாகச் சொல்வதெல்லாம் வாங்குகிறவனுக்கு வாக்குமூலம். "புதுசுக்கே ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கே, நீங்களும் குறைக்கலாமே" என்றேன். "அது புதுசுக்குங்க" என்றார். விலைவாசி ஏறினால் மட்டும் பழைய வண்டிக்கும் ஏறும்.

கடைசியில் தண்ணீர் கேன் ஓடிய ஒரு வண்டி மூன்றரை லட்சத்துக்குப் படிந்தது. "தண்ணிதானே, வெயிட்டா என்ன?" என்று ஆரம்பித்தவரிடம், "கேனுக்கு இருவது கிலோ" என்று அப்பா சொன்ன பிறகு படிந்த விலை அது. ஃபாரம் 29, ஃபாரம் 30, பழைய கடன் முடிந்ததற்கு ஃபாரம் 35 என்று கையெழுத்து வாங்கினோம். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருந்த எஃப்.சி. இனி வருடா வருடம்.

அப்படியானால் புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் நிற்கிற அந்த மூன்று லட்சம் எதற்கு? ஷோரூம் தம்பியைக் கேட்டதற்கு "வாரண்டிக்கு சார்" என்றார். புரோக்கர் "பெயின்ட்டுக்கு" என்றார். மெக்கானிக்தான் உள்ளதைச் சொன்னார்: "அது எனக்கு வரவேண்டிய காசுண்ணே. புதுசுன்னா மொத்தமா கம்பெனிக்குக் குடுப்பீங்க, பழசுன்னா கொஞ்சங்கொஞ்சமா என்கிட்ட குடுப்பீங்க."

மூன்றுமே முழு விடை இல்லை என்று வண்டி வீட்டு வாசலில் நின்ற பிறகு தெரிந்தது. சித்தப்பாவுக்கு வீடு மாற்ற வேண்டும். மாமா பெண்ணுக்குச் சீர் வரிசை இறக்க வேண்டும். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் நாற்காலியும் போக வேண்டும். எல்லாரும் தவறாமல் சொல்லும் வாக்கியம், "டீசல் நான் போட்டுக்கறேன் மாப்ளே." டீசல் முள் மட்டும் இந்த வாக்குறுதியை இதுவரை நம்பியதில்லை.

டிரைவர் இல்லை என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பர்மிட் இல்லை என்று சொல்லலாமா என்றால், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பர்மிட்டே வேண்டாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நாட்டின் சட்டம் முழுக்க என் சொந்தக்காரர்கள் பக்கம்.

அடுத்த தெருவில் ஒருவர் ஆறரை லட்சம் போட்டுப் புதுசு வாங்கியிருக்கிறார். பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. அவரிடம் ஒருவரும் போய்க் கேட்பதில்லை. "புது வண்டி, கீறல் விழுந்துட்டா சங்கடம்" என்று அவர் வீட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வருகிறார்கள். "உன்னுது பழசுதானே" என்று சாவிக்குக் கை நீட்டுகிறார்கள்.

அந்த மூன்று லட்சம் சொந்தக்காரர்களின் கூச்சத்துக்கான விலை. அதற்குத் தனி பில் போடுவதில்லை, எக்ஸ்-ஷோரூமிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.