ஏறாத ரயில் ரசிகர்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரருக்கு ரயில் பைத்தியம் பிடிப்பதே அநியாயம்; ஒரு வண்டியைப் பார்க்கப் பாலம் தாண்டி எறணாகுளம் போகவேண்டும். போனாலும் நம்ம ஆள் லேசில் ஏறமாட்டார்.

வந்தே பாரத்தா? ஜன்னல் திறக்காது, கதவு தானே மூடிக்கொள்ளும்; வாசலில் நின்று காற்று வாங்க வழியில்லாத வண்டி அவருக்கு மீன்தொட்டி. மெமுவா? தனி எஞ்சின் இல்லாததை ரயில் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. எல்.எச்.பி. பெட்டி வேகம், பத்திரம், எல்லாம் சரி, பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டி போலத் ‘தடக் தடக்’ உண்டா? எஞ்சினுக்கு அடுத்த பெட்டி, ஜன்னலோரம், ஆல்கோ டீசல் எஞ்சின் கக்கும் கரி கண்ணில் விழவேண்டும். அதுதான் சுகமாம். சட்டை வெளுப்பது வீட்டுக்காரம்மா என்பதால் சொல்கிறார்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே, வில்லிங்டன் தீவில், கொச்சி ஹார்பர் டெர்மினஸ். வெறிச்சோடிக் கிடந்த அந்த ஸ்டேஷனுக்கு 2018இல் எறணாகுளத்திலிருந்து டெமு ரயில் விட்டார்கள். ஆள் சேரவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

“நீங்களாவது ஏறியிருக்கலாமே?” என்றேன்.

“நான் உள்ளே ஏறிட்டா, வெளியே நின்னு வண்டியைப் படம் எடுக்கறது யாரு சார்?”